அகராதியில் இல்லாத சொல்லும் என் நாற்பத்தொன்றும்

ட்ரூத்திகேட் என்று ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது. எந்த அகராதியைப் புரட்டினாலும் கிடைக்காது, ஏனென்றால் அதை உண்டாக்கியவள் என் மகள். ட்ரூத் என்றால் உண்மை, இன்வெஸ்டிகேட் என்றால் துருவி ஆராய்வது. இரண்டையும் நடுவில் வெட்டி ஒட்டிவிட்டாள். ஒரு விஷயம் உண்மையா பொய்யா என்று, சந்தேகம் துளியும் மிஞ்சாத அளவுக்குச் சோதித்துப் பார்ப்பதற்கு அந்தப் பெயர். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. அந்தச் சொல்லுக்கு அவள் முதலில் எழுதிய எடுத்துக்காட்டு வாக்கியத்தில் நான் இருந்தேன். இப்போது அதில் நான் இல்லை. அது ஏன் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன், இதை வாசிக்கும் பிள்ளைகளே.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயம் இலங்கையின் நமுனுகுல மலையின் ஒரு சரிவில் இருக்கிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பரா. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், இரண்டு மூன்றில் இரண்டிரண்டு குடும்பம். முதல் காம்பராவுக்குப் பக்கத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலி. கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் மலைதான். லயத்துக்கும் தேயிலைக்கும் நடுவில் நாங்கள் கறிக்குப் போஞ்சியும் லீக்சும் போட்டிருந்தோம். அந்தப் பாத்திகளுக்கு மேலே, தேயிலை தொடங்குகிற இடத்தில், அந்த வருடத்து ஐப்பசி மழையில் நிலம் வெடித்தது.

வெடிப்பு என்றால் சுவரில் ஓடுகிற கோடு மாதிரி நினைத்துவிடாதீர்கள். என் கை முழங்கை வரைக்கும் உள்ளே போனது. ஒரு தேயிலைச் செடியின் வேர் பாதி இந்தக் கரையிலும் பாதி அந்தக் கரையிலுமாக இழுபட்டு நின்றது. மீரியபெத்தையில் ஒரு லயமே மண்ணுக்குள் போனது எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. அந்த இடத்தின் பெயரைச் சொல்லும்போது இன்றைக்கும் குரலைத் தணித்துக்கொள்வோம்.

பதுளையிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். வெடிப்பின் இரண்டு கரையிலும் ஒவ்வோர் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, தலையில் சிவப்புப் பெயின்ட் பூசினார்கள். தினமும் காலையில் ஒருவர் மேலே போய், இந்தக் குழாய்க்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுத வேண்டும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் அந்த நிமிடமே போன் பண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"யாரு அளக்கிறது?" என்று அதிகாரி கேட்டதும் எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. நான் கவ்வாத்து வெட்டுகிறவன். வளர்ந்த தேயிலைச் செடிகளை எல்லாம் ஒரே உயரத்துக்கு வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. அளவுக்குச்சி வைத்துப் பார்த்தால் ஒரு விரல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. "இவன் வெட்டுன செடி மேல பிளேன்டி கோப்பைய வச்சாலும் சிந்தாது" என்று எங்கள் கங்காணி சொல்வார். அப்படிப்பட்ட ஆள் அளந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று லயமே நம்பியது. ஓர் அளவு நாடாவையும், எழுதுவதற்கு ஒரு சீஆர் கொப்பி நோட்டையும் என்னிடம் கொடுத்தார்கள். கொப்பியின் அட்டைக்கு உள்பக்கத்தில் அதிகாரியின் போன் நம்பர். அன்றைக்கு அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதல் பத்து நாள் பள்ளிக்கூட விடுமுறை. மகளும் கூட வந்தாள். அவள் ஒரு குழாயில் நாடாவின் நுனியைப் பிடிப்பாள், நான் மறுபக்கம் பார்ப்பேன்.

"அப்பா, நாடா தொங்குது. இழுத்துப் பிடிங்க."

"பிடிச்சிட்டேன்மா. நாப்பத்தொண்ணு."

"இன்னொருக்கா பாருங்க."

"நாப்பத்தொண்ணுதான்."

"இப்ப இடம் மாறுவோம், நான் பாக்கிறேன்."

அவள் பார்த்தாலும் நாற்பத்தொன்றுதான். பிறகு பள்ளிக்கூடம் தொடங்கியது. அவள் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு கிளம்ப வேண்டும். நான் தனியாகப் போனேன். நாற்பத்தொன்று. அடுத்த நாளும் நாற்பத்தொன்று. அதற்கடுத்த நாளும்.

ஒரு நாள் நல்ல மழை. காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு போயும் லீக்ஸ் பாத்தியைத் தாண்டுவதற்குள் ஆறேழு அட்டை ஏறிவிட்டது. அங்கே நின்று பார்த்தேன். மேலே இரண்டு சிவப்புத் தலையும் தெரிந்தன. இருந்த இடத்தில்தானே இருக்கின்றன என்று திரும்பி வந்து நாற்பத்தொன்று என்று எழுதினேன். பார்த்துவிட்டுத்தானே எழுதுகிறோம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வாசலில் நின்று பார்த்தேன். பனிமூட்டத்தில் குழாய் என்ன, மலையே தெரியவில்லை. நாற்பத்தொன்று. அதற்கு மறுநாள் அடுப்படியில் பிளேன்டி குடித்துக்கொண்டே எழுதினேன். என் மனைவி கொப்பியைப் பார்த்தாள், என் உலர்ந்த காலைப் பார்த்தாள். "மழை விட்டதும் போயிட்டு வந்துருங்க" என்றாள். "ம்" என்றேன். அதன் பிறகு சில நாட்கள், அடுத்த நாளுக்கான எண்ணை முதல் நாள் சாயங்காலமே எழுதி வைத்தேன்.

அதே நாட்களில் கவ்வாத்து மலையில் ஒரு செடிகூடத் தப்பாக வெட்டவில்லை. அங்கே என் பின்னால் கங்காணி குச்சியோடு வருவார். வெடிப்புப் பக்கம் யாரும் என் பின்னால் வரவில்லை.

இன்னொன்றும் செய்தேன். இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஒரே எண்ணாக இருந்தால் அளக்காமல் எழுதியது மாதிரித் தெரியும் என்று, ஒரு நாள் நாற்பத்தொன்றரை என்று எழுதினேன். மறுநாள் திரும்பவும் நாற்பத்தொன்று. மழைக்குப் பயந்தது, அட்டைக்குப் பயந்தது, முழங்கால் வலித்தது, இதையெல்லாம் சோம்பல் என்று சொல்லித் தப்பலாம். அந்த அரையை மட்டும் நான் யோசித்து எழுதினேன்.

கடைசிக் காம்பராவில் ஓர் அக்கா இருக்கிறார். சொந்தம் இல்லை, வயதில் மூத்தவர் என்பதால் அக்கா. என் மகளுக்குப் பெரியம்மா. அவருடைய கணவர் மரத்திலிருந்து விழுந்து, நாலைந்து வருடமாக இடுப்புக்குக் கீழே விளங்காமல் படுத்திருந்தார். அக்காதான் கொழுந்து பறிக்கவும் போய் அவரையும் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் பீலியில் தண்ணீர் பிடிக்க ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மேல போறப்ப கொஞ்சம் நல்லாப் பாத்துட்டு வாப்பா. எங்க கதவு மூட மாட்டேங்குது. போன மாசமெல்லாம் சுண்டு வெரலால தள்ளுவேன். இப்ப தோளக் குடுத்துத் தள்ள வேண்டியிருக்கு."

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்க்கா. கீலுக்கு எண்ணெய் போடுங்க."

"மரம் ஊதுனா சுத்தியும்தான ஊதும்? இது ஒரு பக்கம் தரையில இடிக்குது, மறுபக்கம் கீழ வெளிச்சம் தெரியுது. நேத்து அந்தச் சந்துல தீப்பெட்டிய வச்சுப் பாத்தேன், உள்ள போயிருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. பத்துப் பேர் நின்றார்கள். நான் காம்பராவுக்குப் போய்க் கொப்பியை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் விரித்தேன்.

"இந்தாங்க பாருங்க. நாப்பத்தொண்ணு. நாப்பத்தொண்ணு. நாப்பத்தொண்ணரை. நாப்பத்தொண்ணு. கவுர்மெண்டு குடுத்த கொப்பிக்கா இது. இத நம்புறதா, ஒங்க கதவ நம்புறதா?"

"அக்கா, அதிகாரிங்க அடுத்த தடவ வாறப்ப ஒங்க கதவுக்கும் ஒரு கொப்பி கேளுங்க!" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விரித்த பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "எழுதியிருந்தா சரிதான்" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

இதற்கு ஒரு வாரம் கழித்து மகளின் பள்ளிக்கூடத்தில் ஆங்கில தினம் வந்தது. ஆங்கிலத்தில் இல்லாத, ஆனால் இருக்க வேண்டிய ஒரு சொல்லை ஒவ்வொருவரும் உண்டாக்கிக்கொண்டு வர வேண்டும் என்று அவர்களுடைய டீச்சர் சொல்லியிருந்தார். முதல் நாள் சாயங்காலம் மகள் கொப்பியைக் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"சும்மா, காட்டத்தான். நாளைக்கு நீங்க வாறீங்கதான? வந்து பாருங்க."

நாளைக்கு வேண்டிய எண்ணையும் எழுதிவிட்டுத்தான் கொடுத்தேன்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெற்றோர்களுக்குப் பின்வரிசையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒரு பையன் மழை நின்ற பிறகு வருகிற வாசத்துக்கு ஒரு சொல் சொன்னான். ஒரு பிள்ளை பஸ்ஸில் உட்காரும் இடம் கிடைத்த சந்தோசத்துக்கு ஒரு சொல் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் மகள் வந்தாள். பலகையில் பெரிய எழுத்தில் அந்தச் சொல்லை எழுதினாள். ஆங்கிலத்தில் பேசினாள், பின்னால் இருந்த எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாள்.

"செக் பண்றதுன்னா சும்மா ஒருக்காப் பாக்கிறது. இது அப்பிடி இல்ல. ட்ரூத்திகேட் பண்ணணும்னா நேருல போகணும். கையால தொட்டு அளக்கணும். ஒரு தடவ பாத்தது போதாதுன்னு திரும்பப் பாக்கணும். நாம சொல்றத இல்லன்னு சொல்றவங்க யாராவது இருந்தா, அவங்ககிட்டப் போயி ஏன்னு கேக்கணும்."

அப்புறம் எடுத்துக்காட்டு வாக்கியம். "மை ஃபாதர் ட்ரூத்திகேட்ஸ் த கிராக் எவ்ரி மார்னிங்." என் கொப்பியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "எங்க அப்பா தெனமும் காலையில இப்பிடித்தான் வெடிப்ப அளக்கிறாரு. மழையிலயும் போவாரு. அதனாலதான் எங்க லயத்துல எல்லாரும் பயமில்லாமத் தூங்குறோம்."

கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை கடித்த தழும்பெல்லாம் ஆறிப்போயிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள்.

"ஏன்ப்பா பேசாம வாறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சந்தோசம்."

"நான் தப்பா ஒண்ணும் சொல்லிறலியே?"

"இல்லம்மா."

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் அவள் பஸ்ஸுக்குப் போனதும் நான் நாடாவை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. போகும் வழியில் புல் மூடிவிட்டது. நாடாவின் நுனியை ஒரு குழாயில் மாட்டி மறு குழாய்க்கு இழுத்தேன்.

நாற்பத்தாறரை.

நாடா தொங்குகிறது என்று நினைத்து இழுத்துப் பிடித்தேன். பக்கம் மாற்றி அளந்தேன். மூன்று தடவையும் அதே எண்.

நாற்பத்தைந்தைத் தாண்டினால் அந்த நிமிடமே போன் பண்ண வேண்டும். போன் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் வெடிப்பின் கரையில் குந்திக்கொண்டேன். நேற்று நாற்பத்தொன்று, இன்றைக்கு எப்படி நாற்பத்தாறரை என்று கேட்பார்கள். வந்து கொப்பியைப் பார்ப்பார்கள். லயத்துக்குத் தெரியும். பீலியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நேற்றுத்தான் என் மகள் அதே கொப்பியை ஊருக்கே தூக்கிக் காட்டினாள்.

கீழே இறங்கி வந்து நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.

என் கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு ஒன்று ஏற்றி எழுதினால், நாலைந்து நாளில் கொப்பி மலையை எட்டிப் பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தாறு என்று எழுதிவிட்டு, அப்போதுதான் தாண்டியது மாதிரிப் போன் பண்ணலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. அதுவரைக்கும் வெடிப்புக்கு நேர் கீழே, எழுந்து ஓட முடியாத ஒரு மனிதர் படுத்திருப்பார். அது எனக்குத் தோன்றாமல் இல்லை, பிள்ளைகளே. தோன்றியது. தோன்றித்தான் எழுதினேன்.

வியாழக்கிழமை மேலே நாற்பத்தேழு, கொப்பியில் நாற்பத்துமூன்று. வெள்ளிக்கிழமை மேலே நாற்பத்தெட்டு, கொப்பியில் நாற்பத்துநான்கு. நான் ஒன்று ஏறினால் மலையும் என்னோடு சேர்ந்து ஏறியது. அந்த மூன்று நாளும் நான் மகள் சொன்னபடியேதான் செய்தேன். நேரில் போனேன், கையால் தொட்டேன், திரும்பத் திரும்ப அளந்தேன். சோம்பேறியாக இருந்தபோது உண்மை எனக்குத் தெரியாது. இப்போது அரை சென்டிமீட்டர் பிசகாமல் தெரிந்துகொண்டு மாற்றி எழுதினேன். அக்காவிடம் போய்க் கதவு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. அவர் வீட்டுப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை.

"இன்னைக்கு நானும் வாறேன்ப்பா" என்று மகள் நாடாவை எடுத்துக்கொண்டாள். "அளக்கிறத ஒரு படம் புடிச்சிட்டு வரச் சொன்னாங்க டீச்சர். செவுத்துல ஒட்டப் போறாங்களாம்."

"வேணாம்மா. ஒரே அட்டை."

"ஒங்களக் கடிக்கலியா? என்னையும் கடிக்கட்டும்."

அவள் முன்னால் ஏறினாள். நான் பின்னால் போனேன். வழியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை, "பாத்து, வழுக்கும்" என்றேன். இன்னொரு தடவை அதுவும் வரவில்லை.

நான் நுனியைப் பிடித்தேன். அவள் பார்த்தாள்.

"நாப்பத்தெட்டரை... இருங்க, நாடா தொங்குதா?"

"இல்லம்மா."

"இடம் மாறுங்க." மறுபடியும் பார்த்தாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள். பிறகு கொப்பியை விரித்தாள். வெள்ளி, நாற்பத்துநான்கு. 

"அப்பா! ஒரே ராத்திரியில நாலரை சென்டிமீட்டர் வெலகியிருக்குப்பா!"

அவளுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. மலையைத்தான் சந்தேகப்பட்டாள். கொப்பி அட்டையில் இருந்த நம்பரை அவளே அடித்து, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி என்னிடம் போனைக் கொடுத்தாள்.

அந்த அதிகாரி சிங்களவர், இளம்வயது. நிறுத்தி நிறுத்தி நல்ல தமிழ் பேசுவார். நான் நாற்பத்தெட்டரை என்றேன். நேற்று எவ்வளவு என்று கேட்டார். நான் பேசுவதற்குள் மகள் குனிந்து, "நாப்பத்தி நாலு சேர்" என்றாள்.

"ஒரு ராத்திரியில் நாலரையா? அப்படியென்றால் மலை இப்பவும் நகர்ந்துகொண்டுதான் இருக்கு. கவனமாகக் கேளுங்க. நடக்கக்கூடியவங்க எல்லாரும் உடனே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. யாரும் திரும்ப லயத்துக்குள்ளே போகக்கூடாது. சாமான் எடுக்கவும் போகக்கூடாது. நாங்க ஆட்களோட வாறோம், ரெண்டு மணித்தியாலம் ஆகும்."

மகள் என் கையைப் பிடித்தாள். "பெரியப்பாவால நடக்க முடியாதேப்பா."

"நடக்க முடியாத ஒருத்தர் இருக்காரு சேர். கடைசிக் காம்பராவுல" என்றேன்.

"மலைக்கு நேர் கீழேயா?" "ஒரு ராத்திரியில் நாலரை என்றால் அங்கே ஆட்களை அனுப்பச் சொல்ல என்னால் முடியாது, ஐயா. தூக்கப் போறவங்களும் மாட்டிக்கொள்வாங்க. நாங்க வரும் வரைக்கும் பொறுக்க வேணும். நேற்று நாற்பத்தி நாலு, அது நிச்சயம்தானே? நீங்களே அளந்ததா?"

ஆமாங்க சேர் என்று சொன்னால் போதும். பொய்யை எனக்காக என் மகளே கட்டிக் கொடுத்துவிட்டாள். குற்றமெல்லாம் மலைமேல் போய்விடும், கொப்பியும் பிழைக்கும், அவளுடைய வாக்கியமும் பிழைக்கும். அந்த மனிதர் மட்டும் இரண்டு மணி நேரம் தனியாகப் படுத்திருப்பார். அவர் மட்டுமா, அக்கா அவரை விட்டுவிட்டு வரமாட்டார்.

"இல்லைங்க சேர்" என்றேன். "நேத்து நாப்பத்தெட்டு. கொப்பியில மாத்தி எழுதியிருக்கேன்."

மகளின் கை என் கையிலிருந்து போய்விட்டது.

"என்ன சொல்றீங்க?"

"புதன் நாப்பத்தாறரை. வியாழன் நாப்பத்தேழு. நேத்து நாப்பத்தெட்டு. இன்னைக்கு நாப்பத்தெட்டரை. அதுக்கு முந்தி இருபது இருபத்தஞ்சு நாளு நான் அளக்கவே இல்ல சேர். சும்மா எழுதுனேன்."



"இப்ப சொல்றது உண்மையா?"

"உண்மைங்க சேர்."

"உங்க மகள் பக்கத்தில் இருக்காங்களா? அவங்ககிட்ட போனைக் குடுங்க."

கொடுத்தேன். என் பதிமூன்று வயது மகளிடம் அவர் கேட்டார், இன்றைய அளவை யார் பார்த்தது என்று. அவள், "நான்தான் சேர். மூணு தடவ பாத்தேன்" என்றாள். நேற்றைய அளவு பற்றி அப்பா சொல்வதை நம்பலாமா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குழாயைப் பார்த்தேன்.

"இப்ப சொல்றது உண்மைன்னு நெனைக்கிறேன் சேர்" என்றாள்.

அவள் அதற்கு முன்பு என்னைப் பற்றி 'நினைக்கிறேன்' என்று சொன்னதே இல்லை.

"சரி. மெதுவாக நகர்ந்தால் உங்களுக்கு நேரம் இருக்கு" என்றார் அவர். "முதலில் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்க. இப்பவே."

ஓடி இறங்கினோம். மகள் ஒவ்வொரு காம்பராவாகத் தட்டிக்கொண்டு போனாள். நான் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடைசிக் காம்பராவுக்கு ஓடினேன். கதவு அசையவில்லை. அன்று காலையில் முழுதாக இறுகியிருக்கிறது. உள்ளேயிருந்து ஜன்னல் கம்பி வழியாக அக்கா எட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் போட்டேன் தம்பி. ரெண்டு தடவ போட்டேன். தெறக்க மாட்டேங்குது."

கேலியாகச் சொன்னாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அலவாங்குக் கடப்பாரையால் கீலை நெம்பிக் கதவைப் பெயர்த்தோம். அவரைக் கம்பளியில் வைத்து நாலு முனையையும் பிடித்துத் தூக்கினோம். ஒரு முனையை அக்கா யாருக்கும் விடவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது.

அன்றைக்கு மலை இறங்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், லீக்ஸ் பாத்தியோடு மண் சரிந்து கடைசி இரண்டு காம்பராவின் அடுப்படியை மூடியது. அப்போது லயத்தில் யாரும் இல்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று சிலர் என்னிடம் ஆறுதலாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரும் பாயை விரித்துக்கொண்டிருந்தபோது நான் நடுவில் நின்று சொன்னேன். நாற்பத்தொன்றெல்லாம் பொய் என்றேன். கொஞ்சப் பேர் ஏசினார்கள். "எங்க புள்ளைங்க தலைக்கு மேலயாடா வெளையாடுன?" என்று ஒருவர் அடிக்க வந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அக்கா ஏசவில்லை. கணவருக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. அதனாலதான் கொப்பிய நம்புனேன். கொப்பிய நம்பி, எங்க கதவ நானே நம்பாமப் போயிட்டேன். ராத்திரியெல்லாம் அது கிறீச்சு கிறீச்சுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு."

மகள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து, சொல் எழுதிய தாளைக் காட்டினாள். என் வாக்கியத்தின் மேல் அடிமட்டம் வைத்து ஒரே நேர்கோடு போட்டிருந்தாள். கீழே புதிதாக ஒன்று.

"பெரியம்மா அவங்க கதவ வச்சு ட்ரூத்திகேட் பண்ணுனாங்கன்னு எழுதியிருக்கேன். தீப்பெட்டி வச்சுப் பாத்ததையும் எழுதியிருக்கேன். சரிதானேப்பா?"

"சரிதாம்மா."

"ஒங்களோடத அடிச்சிட்டேன்."

"பாத்தேன்மா."

மறுபடி என்னை எப்போதாவது அதில் எழுதுவாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அந்தத் தாள் இப்போதும் எங்கள் தற்காலிக வீட்டின் தகரச் சுவரில் இருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

இதை எழுதி முடித்ததும், இல்லை என்று சொல்லக்கூடியவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற அவளுடைய நிபந்தனை ஞாபகம் வந்தது. நான்கு வீடு தள்ளி இருக்கும் அக்காவிடம் தாள்களை எடுத்துக்கொண்டு போய், முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். அவர் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்டார். அவருடைய கணவரும் கட்டிலில் படுத்தபடி கேட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தினார் அக்கா.

"ஒத்த வெரலுன்னு எழுதியிருக்க. நான் சொன்னது சுண்டு வெரலு."

திருத்திக்கொண்டேன்.

"அப்புறம் அந்தப் பீலியில. கொப்பிய விரிச்சு வச்சதும் எல்லாரும் சிரிச்சாங்கன்னு மட்டும் எழுதியிருக்க."

"ஆமாக்கா."

"நீயும்தான் சிரிச்ச."

அதையும் அங்கேயே, அவர் முன்னாலேயே உட்கார்ந்து, சேர்த்து எழுதினேன்.